மணி அடித்தால் பாயில் உட்கார வேண்டும்

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ‘எங்க நாய்க்கு எல்லாம் நான்தான் கத்துக் கொடுத்தேன்’ என்று பெருமையடித்துக்கொள்வார்கள். அப்படி யாராவது ஆரம்பித்தால் நான் மெதுவாக அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். நாம் சொல்லிக்கொடுப்பதை நாய் கற்றுக்கொள்ளாமல் போனால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. அட்சரம் பிசகாமல் கற்றுக்கொண்டுவிட்டால்தான் ஆபத்து. இதை நான் நாலு பேர் மத்தியில், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கையில் அட்சதையோடு உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு செம்பூர் திலக் நகரில். புதிதாகக் கட்டிய கட்டடத்தில் ஏழாவது மாடி, சின்ன ஃப்ளாட். நான், என் கணவர் வெங்கட், கட்டிங். கட்டிங் என்பது நாய். ஒரு மழை நாளில் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே வடா பாவ் வண்டிக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்த குட்டி. எதிலோ மாட்டி வால் பாதி போயிருந்தது. இந்த ஊரில் பாதி கிளாஸ் டீக்குக் கட்டிங் என்று பெயர். பாதி வாலுக்கும் அதுவே இருக்கட்டும் என்று வெங்கட் சொல்லிவிட்டார். (சென்னையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா, காலங்கார்த்தாலே நான் பால்கனியில் நின்றுகொண்டு “கட்டிங், கட்டிங், சீக்கிரம் வா” என்று கூவுவதைக் கேட்டு முகம் வெளுத்துப் போய்விட்டார். அங்கே அந்த வார்த்தை ஒயின் ஷாப் வாசலில் புழங்குவது என்று எனக்கு அதுவரை தெரியாது.)

கட்டிங்கிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். வாசல் மணி அடித்தால் பைத்தியமாகிவிடும். கதவைத் திறப்பதற்குள் நாலு தரம் சோபா மேல் ஏறி இறங்கி, திறந்ததும் வந்தவர் தோளில் முன்னங்கால்களைப் போட்டு முகத்தை நக்கிவிடும். பால்காரர், கூரியர்காரர் எல்லாம் மணியை அடித்துவிட்டு லிஃப்டுக்குள் போய் நின்றுகொள்வார்கள். அந்த மணியும் சாதாரண மணி இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கோயில் மணி மாதிரியே அடிக்கும் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ‘டிங் டிங் டிங்’ என்று விரலை எடுக்கும்வரை அடிக்கும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, என் மாமியாரின் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரியும்வரை.

மாமியார் மாட்டுங்காவில் தனியாக இருந்தார். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி. மாமனார் போன பிறகும் அங்கேயேதான் இருந்தார். முட்டி தேய்ந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாமாவளி சொல்லி ஏறுவார். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று முடிவானதும், எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டோம்.

“வரமாட்டேன்” என்றார்.

“ஏம்மா?” என்று வெங்கட் கேட்டார்.

“ஒங்காத்துல நாய் இருக்கோல்லியோ.”

சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தெருநாய் அவரைக் காலில் கவ்வி இழுத்திருக்கிறது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். கடித்தது ஒரு நிமிஷம், ஊசி நாள் கணக்கில். அன்றிலிருந்து எந்தத் தெருவில் நாய் இருந்தாலும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் முன்கூட்டியே போன் செய்து, நாயைப் படுக்கையறையில் அடைத்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் டாக்ஸி ஏறுவார்.

“அப்படின்னா கட்டிங்கை யார்கிட்டயாவது குடுத்துடறோம்மா” என்றேன்.

“சீ, அப்படிப் பேசாதே. வாயில்லாத ஜீவன், அது எங்கே போகும்? எனக்காக ஒண்ணும் அதை விரட்ட வேண்டாம். நான் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ரூம் பாத்துண்டு இருந்துக்கறேன். ஒண்டிக்கட்டை, எனக்கு என்ன வேணும்?”

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாய்க்கும் சேர்த்துப் பரிதாபப்பட்டுவிட்டு, தேய்ந்த முட்டியோடு தனியாக வாடகைக்குப் போகிறேன் என்று சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? என்னையும் அறியாமல் வாயை விட்டுவிட்டேன்.

“அம்மா, நான் அதுக்கு ட்ரெயினிங் குடுக்கறேன். நீங்க வந்து மணி அடிச்சா அது ஒங்க பக்கமே வராது. ஒரு பாயைப் போட்டு வச்சிருப்பேன். மணி அடிச்ச உடனே போய் அதுல உக்காந்துடும். நான் சொன்னாத்தான் எழுந்துக்கும். சிராவண மாசத்துல நம்மாத்துல சத்யநாராயண பூஜை வச்சுக்கலாம். அன்னிக்கு வந்து பாருங்கோ. பிடிக்கலேன்னா அப்புறம் ரூம் பாக்கலாம்.”

 “அது நடக்கற காரியமா?” என்றார்.

“நடக்கும்மா” என்றேன், அதுவரை ஒரு எறும்புக்குக்கூட ஒன்றும் கற்றுக்கொடுத்திராத நான்.

போனில் பயிற்சி வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஃபோர்ட்டில் இருக்கும் என் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போக வர ரயிலில் அதுவே வேலை. அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது. நாய் சரியாக ஒன்றைச் செய்ததும் அந்த க்ஷணமே அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுக்க வேண்டும். எதற்குத் தின்பண்டம் கிடைக்கிறதோ அதையே நாய் மறுபடி செய்யும். அவ்வளவுதான் சாஸ்திரம். இதைப் பார்த்துவிட்டு ஆபீசில் என் கீழே வேலை பார்க்கும் பையன்களிடம்கூட அதட்டாமல் பேசத் தொடங்கினேன். அவர்கள் பயந்துபோனார்கள்.

முதல் சிக்கல், தின்பண்டம். கடையில் விற்கும் நாய் பிஸ்கட்டை கட்டிங் முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது. பனீரைத் தின்றது, ஆனால் கடமைக்காகத் தின்பது போலத் தின்றது. ஒருநாள் சட்னிக்காகத் தேங்காய் கீறும்போது ஒரு சில்லு தரையில் விழுந்தது. கட்டிங் அதைத் தின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை என் கல்யாணத்தன்றுகூட யாரும் என்னைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தேங்காய்தான். மிளகு அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கி ஒரு டப்பாவில் போட்டு இடுப்பில் சொருகிக்கொள்வேன். எங்கள் வீட்டில் சட்னி அருகிப்போயிற்று. வெங்கட் வறண்ட இட்லியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். “நானும் பாயில உக்காந்தா எனக்கும் கிடைக்குமா?”

பாயில் உட்கார வைப்பது சுலபமாகவே வந்துவிட்டது. ஒரு சின்னக் கோரைப்பாய். “பாய்” என்று சொல்ல வேண்டியது; அதன் மேல் கால் வைத்தால் தேங்காய், உட்கார்ந்தால் தேங்காய், உட்கார்ந்தபடியே இருந்தால் இன்னும் தேங்காய். எழுந்திருக்க ஒரு சொல் வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். ‘மதி’ என்று வைத்துக்கொண்டேன். எங்கள் பாலக்காட்டுப் பேச்சில் போதும் என்பதை மதி என்றுதான் சொல்வோம். வாயில் சுலபமாக வரும் சொல்லாக இருக்கட்டும் என்று நினைத்தேன். (வாயில் சுலபமாக வரும்! இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.)

இங்கே ஒரு சின்ன சோம்பேறித்தனம் செய்தேன். பாயில் இருக்கும்போதே குனிந்து தின்பண்டம் கொடுக்க வேண்டும் என்று வீடியோவில் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆபீசிலிருந்து வந்து ஒவ்வொரு தடவையும் குனிந்தால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? ஆகவே கடைசித் துண்டை மட்டும், “மதி” என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். கட்டிங் எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும். பார்க்க லட்சணமாக இருந்தது.

கடைசியில் மணி. யாராவது வெளியே நின்று மணி அடித்தால்தானே பழக்க முடியும்? தினமும் சாயங்காலம் வெங்கட்டை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவேன். அவர் மணி அடிப்பார். நான் திறக்க மாட்டேன். உள்ளே கட்டிங் பாயில் உட்கார வேண்டும், தேங்காய் வாங்க வேண்டும், அப்புறம் அவர் மறுபடியும் அடிக்க வேண்டும். சில நாட்களில் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ஷிண்டே காகூ என்னை லிஃப்டில் மடக்கினார். வயதான மராட்டி அம்மாள், இளகிய மனசு. என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில், “பெண்ணே, கோபம் வரத்தான் செய்யும். ஆனா புருஷனைத் தினமும் வெளியே நிறுத்தறது நல்லா இல்லே. பாவம், எவ்வளவு பொறுமையா மணி அடிக்கிறார்!” என்றார். விஷயத்தைச் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, அதற்கப்புறம் வெங்கட் வெளியே நின்றால் அவர் வீட்டிலிருந்து டீ வர ஆரம்பித்தது. வெங்கட்டுக்கும் பயிற்சியில் ஆர்வம் கூடிவிட்டது.

பூஜை நாள் வந்தது. காலையிலிருந்து மழை. மாமியார் வந்து இறங்குகிறார் என்று வாட்ச்மேன் போன் செய்தார். பாயை விரித்துவைத்தேன். லிஃப்ட் நின்றது. டிங் டிங் டிங்.

கட்டிங் சோபாவிலிருந்து இறங்கியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே போய்ப் பாயில் உட்கார்ந்தது. கதவைத் திறந்தேன். மாமியார் கைத்தடியை முன்னால் நீட்டியபடி நின்றிருந்தார். தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். கட்டிங் பரீட்சை எழுதும் பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது.

“இது அதேதானா?” என்றார்.

“அதேதாம்மா.”

“மாத்தி ஒண்ணும் வைக்கலையே?”

சுவரை ஒட்டிப் போய், தூரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிங் அசையவில்லை. மாமியார் மெதுவாக மூச்சு விட்டார். “பரவால்லையே” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் உருகிப்போய்விட்டேன். பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிங்கைப் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கழுத்தைக் கட்டிக்கொண்டு, டப்பாவில் இருந்த தேங்காய் முழுவதையும் கொடுத்துவிட்டேன். பூஜை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று கதவைச் சாத்தினேன். மழைக்காலத்தில் அந்தக் கதவு ஊதிப்போய்த் தாழ்ப்பாள் விழாது. வெளிப்பக்கம் ஒரு சூட்கேஸை முட்டுக்கொடுத்தேன். சூட்கேஸ் காலி என்பது எனக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாதே என்று நினைத்தேன்.

வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் மணி அடிக்காமல் வாத்யார் வந்தார். இளைஞர். மாட்டுங்காவிலிருந்து வாஷி வரை ஸ்கூட்டரில் பறந்து பறந்து பூஜை செய்துவைப்பவர், எப்போதும் அவசரம். “மாமி, இங்கே முடிச்சுட்டு வாஷிக்கு ஓடணும், ஜல்தி ஜல்தி ஆரம்பிச்சுடலாம்” என்று சொல்லிக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மந்திரங்களுக்கு நடுவே கதையைப் படிப்பதற்காகத் தன் போனைப் பஞ்சாமிர்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார். நானும் வெங்கட்டும் மணையில் உட்கார்ந்தோம். உறவுக்காரர்களும் ஷிண்டே காகூவும் சோபாவிலும் தரையிலுமாக இருந்தார்கள். முதலில் பிள்ளையார் பூஜை. தேங்காய் உடைத்தாயிற்று. பிரசாதத்துக்காக அதைக் கீறும் வேலையை மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி மடியில் தட்டை வைத்துக்கொண்டு சின்னக் கத்தியால் கீறத் தொடங்கினார்.

அப்போதுதான் நான் வாத்யாரின் வலது முழங்காலுக்குக் கீழே பார்த்தேன். பாயின் ஒரு மூலை கடித்துக் குதறியிருந்தது. அந்த மூலை எனக்கு நன்றாகத் தெரிந்த மூலை.

“வெங்கட்” என்றேன் உதட்டை அசைக்காமல். “வாத்யாருக்கு எந்தப் பாய் போட்டே?”

“சுவத்துல சாச்சு வச்சிருந்ததே, அதுதான். நீ நேத்திக்குக்கூட அலசிக் காயப்போட்டியே.”

“அது கட்டிங்கோட பாய்.”

பயிற்சி நேரமெல்லாம் கதவுக்கு வெளியே நின்றவருக்கு அது எந்தப் பாய் என்று தெரிந்திருக்கவில்லை. வெங்கட்டின் கையிலிருந்த பூ நழுவியது. வாத்யார் கண்ணை மூடிக்கொண்டு சங்கல்பம் சொல்லிக்கொண்டிருந்தார். “சொல்லிடலாமா?” என்றார் வெங்கட். “வேண்டாம், மூடிண்டு இரு. யாருக்கும் தெரியாது” என்றேன். நியாயமாகப் பார்த்தால் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வாத்யார் எழுந்து போனதும் பாயைச் சுருட்டியிருப்பேன், பகவானிடம் தனியாக மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

வாத்யார் பையைத் துழாவினார். “அடடா, மணியைக் காட்கோபர்ல விட்டுட்டு வந்துட்டேன் போல இருக்கே. ஆத்துல மணி இருக்கா?”

எங்கள் வீட்டில் இல்லை. மாமியார் முகம் மலர்ந்தது. “இருக்கு, இருக்கு. மாட்டுங்கா ஆத்து மணியை நான் கொண்டு வந்திருக்கேன். இனிமே இங்கேதானே இருக்கப் போறது” என்று பக்கத்தில் இருந்த பையைத் திறந்து, பழைய வேஷ்டித் துணியில் சுற்றியிருந்த வெண்கல மணியை எடுத்து நீட்டினார்.

இனிமேல் இங்கேதான் என்று அவர் சொன்னதைக் கேட்டு என் கண் நிறைந்துவிட்டது. அதனால் அந்த மணி வாத்யார் கைக்குப் போன பிறகுதான் என் மூளை வேலை செய்தது. “வாத்யாரே...” என்று ஆரம்பித்தேன்.

டிங் டிங் டிங்.

உள்ளே சூட்கேஸ் சரிந்து விழும் சத்தம் கேட்டது.

கட்டிங் ஓடி வரவில்லை. அதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, கடமை தெரிந்த உத்தியோகஸ்தர் மாதிரி நடந்து வந்தது. உறவுக்காரர்களைத் தாண்டியது. பாயைப் பார்த்தது. பாயில் வாத்யார் இருந்தார். பின்னால் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. அதில் பின்பக்கத்தை வைத்து, வாத்யாரின் வெற்று முதுகில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்தது.

வாத்யார் திரும்பாமலே, “யாரு, கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ, காத்து வரட்டும்” என்று சொல்லிவிட்டு மணியை மறுபடி அடித்தார். கட்டிங் இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தது. யாருக்கும் மூச்சு வரவில்லை. பிறகு அது ஆவலில் தலையைத் திருப்பி, வாத்யாரின் தோள் வழியாக எட்டி, காதுக்குள் ஒரு பெருமூச்சு விட்டது.

வாத்யார் திரும்பினார். மூக்கும் மூக்கும் இடித்துக்கொண்டன.

“அய்யய்யோ!” என்று அவர் எழுந்த வேகத்தில் முழங்கால் பட்டுக் கலசம் ஆடியது. அரிசி சிதறியது. போன் பஞ்சாமிர்தத்தில் தலைகுப்புற விழுந்தது. “ஹட்! ஹட்! ஜா! போ!” என்று அவர் கையை வீசி விரட்டினார். வீசிய கையில் மணி இருந்தது. அவர் விரட்ட விரட்ட மணி அடித்தது. மணி அடிக்க அடிக்க கட்டிங் பாயோடு பாயாகப் பதிந்துகொண்டது. அதன் வாழ்நாளில் ஒரே சமயத்தில் இத்தனை மணியை அது கேட்டதே இல்லை. எவ்வளவு தேங்காய் வரப்போகிறதோ என்று இருக்கும் பாதி வாலும் ஆடியது.

“சுதா, ஏதாவது சொல்லேன்!” என்று வெங்கட் கத்தினார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். “போ, வா, டவுன், ஆஃப், நோ, ஹட், ரூம், ரூம்!” என்றேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. இத்தனை நாள் சாயங்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. ஷிண்டே காகூ மட்டும் கன்னத்தில் கை வைத்து, “கித்தி ஷஹாணா! எவ்வளவு சமர்த்தா உட்கார்ந்திருக்கு பாரு!” என்று மராட்டியில் வியந்துகொண்டிருந்தார்.

மாமியார் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். காதில் விழுவதெல்லாம் மணிச் சத்தம்தான். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவருக்கு எப்படியோ புரிந்திருக்கிறது. உடம்பெல்லாம் நடுங்க ஒரு சத்தம் போட்டார்:

“மதி வாத்யாரே, மதி! மணி அடிச்சது மதி!”

கட்டிங் சட்டென்று எழுந்தது. மதி சொன்னவர் யார் என்று பார்த்தது. நேராக மாமியாரின் நாற்காலிக்கு நடந்துபோய், ஒரு அடி தள்ளி உட்கார்ந்து, அவர் மடியிலிருந்த தட்டைப் பார்த்தது. தட்டு நிறையத் தேங்காய்.

மாமியார் கண்ணைத் திறந்தார்.

“சுதா” என்றார், உதடு மட்டும் அசைய. “சுதா... இது என்னத்துக்கு என்னையே பாக்கறது?”

“தேங்காய்க்கும்மா.”

“குடுத்தா போயிடுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் பொய்கூட வரவில்லை. “போகாதும்மா. இன்னொண்ணு கேக்கும்.”

அவர் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டதில் தட்டு சரிந்தது. ஒரு துண்டு தரையில் விழுந்தது. கட்டிங் அதை நாசூக்காக எடுத்துத் தின்றுவிட்டு, மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தது. வெங்கட் ஓடிவந்து அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாமியார் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவ்வளவு பேர் எதிரில் அவரை அப்படி நடுங்கவைத்துவிட்டேனே என்று எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. (ஏழாவது மாடி. பிளந்தாலும் ஆறாவது மாடி குஜராத்திக் குடும்பத்தின் டைனிங் டேபிளில்தான் விழுந்திருப்பேன்.)

வாத்யார் நல்ல மனிதர். கை கால் கழுவி, வேஷ்டி மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். “பாயெல்லாம் வேண்டாம், வெறுந்தரையே சௌகர்யம்” என்று சொல்லிவிட்டார். கதையை மனப்பாடமாகச் சொன்னார். போன் சர்க்கரையும் நெய்யுமாக ஒரு துணியில் படுத்திருந்தது. மணி அடிக்க வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கையைத் தட்டினார்.

சாப்பாடு ஆனதும் மாமியார், “வெங்கட், என்னை ஆத்துல கொண்டு விட்டுடு” என்றார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “கேசரி நன்னா இருந்தது” என்றார். அந்த மணியை மறுபடி வேஷ்டித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். லிஃப்ட் கதவு மூடும்வரை நான் வாசலில் நின்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வெங்கட் கிங்ஸ் சர்க்கிளில் இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்று லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி, இன்னொன்றில் வெளிச்சமே இல்லை. கட்டிங் மட்டும் உற்சாகமாக இருந்தது. அதைப் பொறுத்தவரை பரீட்சையில் நூற்றுக்கு நூறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமியாரின் போன்.

“சுதா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அது ஏன் எழுந்தது?”

“எதும்மா?”

“ஒன் நாய்தான். எத்தனை பேர் கத்தினேள். அது அசையலை. நான் கத்தினப்போ எழுந்துடுத்து. கண்ணை மூடிண்டிருந்தேனே ஒழிய, காலடிச் சத்தம் கேட்டது.”

“நீங்க ‘மதி’ன்னேள்மா. அந்த வார்த்தை சொன்னா எழுந்துக்கணும்னு பழக்கியிருக்கேன்.”

“யார் சொன்னாலுமா?”

“யார் சொன்னாலும்.”

“பாயில போய் உக்காருன்னு சொன்னா?”

“‘பாய்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போறும். போய் உக்காந்துடும். ஒங்க பக்கம் வராது.”

 பின்னணியில் காய்கறிக்காரர் கத்துவது கேட்டது.

“எழுபது வயசாறது எனக்கு” என்றார் மெதுவாக. “மாமனார், மாமியார், ஒன் மாமனார், ஒன் ஆம்படையான். என் பேச்சை ஒரே தடவைல கேட்டது யாருன்னு நினைச்சுப் பாத்தேன். ஒருத்தரும் ஞாபகம் வரலை.” அப்புறம், “டாக்ஸி வேண்டாம். சாமான் இருக்கு, டெம்போ சொல்லு” என்றார்.

வந்துவிட்டார். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் மாதம் முழுவதும் இரண்டு காலையும் நாற்காலிமேல் வைத்துக்கொண்டுதான் டி.வி. பார்த்தார். கையில் ஒரு கிண்ணம் தேங்காய். காரணமே இல்லாமல் “பாய்” என்பார். கட்டிங் போய் உட்காரும். “மதி” என்பார். எழுந்து வரும். ஒரு துண்டைத் தூரத்தில் வீசுவார். மறுபடி “பாய்”. காரோட்டக் கற்றுக்கொள்பவர்கள் பிரேக் பிடிக்கிறதா என்று அடிக்கடி அழுத்திப் பார்ப்பது போல. கட்டிங் இடுப்புச் சதை போட்டுவிட்டது. கால்நடை மருத்துவர் என்னைத் திட்டினார். தேங்காயைக் குறைத்துக் கேரட்டுக்கு மாற்றினோம். மாமியார் இன்றுவரை கட்டிங்கைத் தொட்டதில்லை. தொட மாட்டேன் என்று சொல்லியும் இருக்கிறார். ஆனால் நாற்காலிமேல் இருந்த கால் எப்போது கீழே இறங்கியது என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

போன வருஷம் மாட்டுங்காவில் ஒரு உறவுக் கல்யாணம். பந்தியில் மாமியாருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு மாமா. அவர் எதிர் வரிசைக்காரர்களுக்குச் சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“செம்பூர்ல ஒரு ஆத்துல சத்யநாராயண பூஜை. திடீர்னு ஒரு வெறிநாய் உள்ளே பூந்துடுத்தாம். கன்னுக்குட்டி உசரம். வாத்யார் மேல பாஞ்சு, குலைச்சு, பூணூலைப் பிடிச்சு இழுத்து, கலசத்தைக் கவுத்து... அந்தாத்துப் பெரிய மாமி மூர்ச்சை போட்டு, ஆம்புலன்ஸ் வந்து...”

எதிர் வரிசை மொத்தமும் சிரித்தது. நான் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவியலில் முருங்கைக்காய் எங்கே இருக்கிறது என்று மும்முரமாகத் தேடினேன்.

மாமியார் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“மூர்ச்சையெல்லாம் ஒருத்தரும் போடலை” என்றார்.

மாமா திரும்பினார். “இல்லை மாமி, எனக்குச் சொன்னவர் நேர்ல...”

“வெறிநாயும் இல்லை. கலசம் ஆடித்து, விழலை. அதுவும் வாத்யார் முட்டி பட்டு ஆடித்து. ஒரு குலை குலைக்கலை அது. யார் மேலயும் பாயலை. மணி அடிச்சா வந்து உக்காரணும்னு பழக்கியிருந்தது, வந்து உக்காந்தது.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும் மாமி?”

“எப்படித் தெரியுமாவா?” மாமியார் குரல் அந்தக் கூடத்தின் கடைசிப் பந்திவரை கேட்டது. “எங்காத்து நாய்ன்னா அது!”

அந்த வரி எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. வெங்கட்டின் கிரிக்கெட் அணி எப்போதாவது ஜெயித்தாலும், ஷிண்டே காகூவின் பேத்தி பரீட்சையில் தேறினாலும், யாராவது ஒருவர் “எங்காத்து நாய்ன்னா அது!” என்று நெஞ்சை நிமிர்த்துவார். போன மாதம் எனக்கு ஆபீசில் பதவி உயர்வு வந்தது. மாமியார் ஊரில் இருக்கும் தன் தங்கையிடம் போனில் பேசுவது சமையலறைவரை கேட்டது. “மேனேஜர் ஆக்கியிருக்கா. பின்னே? எங்காத்து மாட்டுப்பொண்ணுன்னா அவ!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெங்கட் டீயை உறிஞ்சியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நாய்க்கு அப்புறம்தான் ஒனக்குக் கிடைச்சிருக்கு, பாத்துக்கோ” என்றார்.